பையன் பர்மனென்டா?

இங்கிலீஷில் ஆயிரம் சொல் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார்கள். பர்மனென்ட். அகராதியைப் புரட்டினால் நிலையான, நிரந்தரமான என்று ஏதோ போட்டிருக்கும். அதெல்லாம் அகராதி எழுதியவரோடு சரி. தொண்ணூறுகளின் செங்கல்பட்டில் அந்தச் சொல்லுக்கு மனுஷன் என்று அர்த்தம். பர்மனென்டாக இருப்பவன் மனுஷன். மற்றவனெல்லாம் டெம்பரரி, வந்தான், போனான், பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை.

அந்தச் சொல்லை அவர்கள் ஒட்டாத இடமே கிடையாது. டீக்கடையில் பர்மனென்ட் கஸ்டமர் என்று ஒருவர் இருப்பார். அவர் வந்தால் பெஞ்சில் இருக்கிறவன் நகர்ந்து உட்கார வேண்டும். லாரி ஷெட்டில் பர்மனென்ட் டிரைவர் உண்டு. அவர் லீவு போட்டால் வருகிறவன் ஆக்டிங் டிரைவர். வண்டி என்னவோ இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் ஓடும். பல் டாக்டர் என் கடைவாயைப் பிளந்து வைத்துக்கொண்டு, "டெம்பரரியா அடைக்கட்டுமா, பர்மனென்டா அடைக்கட்டுமா?" என்று கேட்டார். வாய்க்குள் அவர் கை இருக்கும்போது நான் என்னத்தைச் சொல்ல? பர்மனென்டாகவே அடைத்தார். ஆறாவது மாதம் முறுக்கு கடித்தபோது அது முறுக்கோடு வந்துவிட்டது. அப்புறம் அந்த விண்ணப்பப் படிவங்கள். பர்மனென்ட் அட்ரஸ் என்று ஒரு கட்டம். நாங்கள் செங்கல்பட்டுக்குள்ளேயே நாலு வாடகை வீடு மாறியிருந்தோம். அதனால் அந்தக் கட்டத்தில் என் அப்பா, மதுராந்தகம் பக்கத்தில் இருந்த பழைய வீட்டின் விலாசத்தை எழுதுவார். அந்த வீட்டுக்குக் கூரை இல்லை. கதவும் இல்லை. தபால்காரர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். கார் கதவுக்குக் கீல் செய்யும் இடம். சேர்ந்தேன் என்பதே பெரிய வார்த்தை. எட்டு மாதம் வேலை செய்தால் 'பிரேக்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று நாலு வாரம் சும்மா கிடக்க வேண்டும். அப்புறம் கூப்பிட்டு, புதிதாக வந்தவன் மாதிரி ஒரு புது டோக்கன் நம்பர் கொடுத்து, அதே மெஷினில் அதே எண்ணெய்க்குள் கையை விடச் சொல்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தவன் என்று எந்தக் காகிதத்திலும் வந்துவிடக் கூடாதாம். முதல் நாலு வருடத்தில் எனக்கு ஐந்து டோக்கன் நம்பர்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதலாளி என்றால் அப்படித்தான் இருப்பான். எனக்கு வயிறு எரிந்தது கம்பெனி பஸ்ஸில். மதுராந்தகத்தில் கிளம்பி, படாளம், செங்கல்பட்டு வழியாக மறைமலைநகர் போகும் பஸ். அதில் பர்மனென்ட் ஆட்கள் உட்காருவார்கள், டெம்பரரி ஆட்கள் நிற்பார்கள். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. மேனேஜர் யாரும் உத்தரவு போடவில்லை. இப்படி ஒன்று நடப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. தொழிலாளிகளே தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஒவ்வொருவனுக்கும் ஒரு சீட்டு. அவன் லீவு போட்டால் அவன் சீட்டும் லீவு, காலியாகவே வரும். பத்து சீட்டு காலியாகக் கிடக்க, நாங்கள் பதினைந்து பேர் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் காலை ஒருவன் மிதித்துக்கொண்டு போயிருக்கிறோம். புதிதாக வந்தவன் எவனாவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால், "தம்பி, டோக்கன் இன்னா நம்பரு?" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான், எழுந்துவிடுவான். மே தினத்தன்று கேட் வாசலில் கொடியேற்றி, தொழிலாளர் ஒற்றுமை பற்றி மைக்கைக் கடித்துத் தின்றவர்களும் இதே ஆட்கள்தான். த்தூ.

சட்டை எல்லோருக்கும் ஒரே நீலம். ஆகவே ஊரில் எங்களைப் பார்க்கிறவர்களுக்கு எவன் பர்மனென்ட், எவன் டெம்பரரி என்று தெரியாது. பஸ்ஸைப் பார்த்தால்தான் தெரியும். இதைக் கண்டுபிடித்த விஞ்ஞானி என் மாமனார்.

அப்போது அவர் மாமனார் ஆகியிருக்கவில்லை. ஒரு அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். தன் வேலை பர்மனென்ட் ஆன தேதியைத் தன் கல்யாண தேதியைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்த மனிதர். அவர் மகள் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். அவள் வேலை பர்மனென்டா என்று எங்கள் பக்கத்தில் யாருமே கேட்கவில்லை. அந்தக் கேள்வி ஆம்பிளைகளுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். அப்பா, அம்மா, தாய்மாமன் சகிதம் பெண் பார்க்கப் போனோம். அவள் காபி கொடுத்துவிட்டு உள்வாசல் பக்கம் போய் நின்றாள். கேசரி வந்தது. கூடவே கேள்வியும் வந்தது.

"தம்பி பர்மனென்டா?"

நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாமா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். "பர்மனென்ட்தாங்க, அதுல இன்னா சந்தேகம்?" என்று அவரே பதில் சொல்லிவிட்டு இன்னொரு ஸ்பூன் கேசரியை வாயில் போட்டுக்கொண்டார். நான் மூடிக்கொண்டேன். எனக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது.

இரண்டு நாள் கழித்து நான் அவள் பள்ளிக்கூடம் இருந்த தெருவில் நடந்து போனேன். அந்தத் தெருவில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டு நேராக கேட் பக்கம் வந்தாள்.

"நாளன்னிக்கி காலைல ராட்டினங்கிணறு டீக்கடைல அப்பா நிப்பாரு. உங்க கம்பெனி பஸ்ல பர்மனென்ட் ஆளுங்க மட்டுந்தான் உக்காருவாங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க. ஆர்டரு, சம்பள சீட்டு எல்லாம் ஜெராக்ஸ்ல வந்துடும், பஸ்ல உக்கார்றத எவனும் ஜெராக்ஸ் எடுக்க முடியாதுன்னு சொல்லிகினு கீறாரு. எப்பிடியாவது உக்காந்துடுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு எப்படி என் சங்கதி தெரிந்தது என்று யோசிக்கும் நிலையில்கூட நான் இல்லை. ஒரு மனிதனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க அவன் குணத்தை விசாரிப்பார்கள், குடிப்பானா என்று விசாரிப்பார்கள். இந்த மகானுபாவர் என் பின்பக்கம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வருகிறார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் மறுநாள் கேன்டீனில் ஒரு சீட்டுக்காகப் போய் நின்றேன்.

நான் கேட்டது படாளத்து அண்ணனிடம். எங்கள் செக்ஷனில் பழைய ஆள், படாளத்தில் ஏறுவார். நாலாவது வரிசை, இடது பக்கம், ஜன்னல் சீட்டு அவருடையது. டீக்கடையும் ரோட்டின் இடது பக்கம்தான். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குப் புரையேறிவிட்டது.

"இன்னாடா இது, அந்தாளு பொண்ணு குடுக்கறானா, பஸ் பாஸ் குடுக்கறானா? சரி வுடு. நாளைக்கி நீ உக்காரு, நான் நிக்கறேன்."

மறுநாள் செங்கல்பட்டில் நான் ஏறும் ராட்டினங்கிணறு ஸ்டாப்பில் பஸ் நின்றது. டீக்கடை வாசலில் வெள்ளைச் சட்டையோடு என் வருங்கால மாமனார், கையில் கிளாஸ். நான் ஏறினேன். படாளத்து அண்ணன் முன்கூட்டியே எழுந்து நின்றிருந்தார். என்னை உட்காரவைத்துவிட்டுப் பின்னால் போய் டெம்பரரி ஆட்களோடு நின்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "அண்ணாத்த, இன்னா புதுப் பயக்கம்?" என்று யாரோ கேட்டான். "முதுகு வலிப்பா. நின்னா நல்லா கீது" என்றார் அவர். நான் ஜன்னலோரம் நேர் முன்னால் பார்த்துக்கொண்டு, பிறந்ததிலிருந்தே உட்கார்ந்திருப்பவன் போல இருந்தேன். வெளியே வெள்ளைச் சட்டை திருப்தியாக டீயை முடித்தது.

பஸ் ஊரைத் தாண்டியதும் நான் எழுந்தேன். அண்ணன் பின்னாலிருந்து கத்தினார்: "உக்கார்ரா! பாதில எயிந்தா கல்யாணமும் பாதில நின்னுடும்." மறைமலைநகர் வரை அவர் நின்றே வந்தார். அதற்கு அந்த பர்மனென்ட் பெருமக்கள் அவரோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. கேன்டீனில் அவருக்கு வழக்கமாகப் பிடித்து வைக்கும் இடத்தைப் பிடித்து வைக்கவில்லை. "நீ இப்பிடி எடம் குடுத்தா நாளைக்கி அவனுங்க தலைல ஏறுவானுங்க" என்று சங்கத்து ஆள் ஒருவன் எச்சரிக்கைகூடச் செய்தான். அண்ணன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்குக் கல்யாணம் ஆனது.

கல்யாணமான மறுவாரம் அவளை மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போனேன். கடற்கரையில் கையில் பச்சை குத்துகிற ஒருவன் எங்களைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, டெம்ப்ரவரின்னா பத்து நாளு நிக்கும். பர்மனென்ட்னா சாவற வரிக்கும் போவாது. எது வேணும்?" இங்கேயும் வந்துவிட்டதே இந்தச் சனியன் என்று நினைத்தேன். அவள் பத்து நாள் பூவே போதும் என்று கையை நீட்டினாள். அவன் போன பிறகு, மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் டெம்பரரி என்று சொன்னதும் அவள் சிரித்தாள்.

"தெரியும். உங்க மாமா கிள்ளுனத நான் பாத்துகினுதான் இருந்தேன்."

"அப்பறம் ஏன் சரின்னு சொன்ன?"

"கிள்ளுனதுக்கு முன்னாடி நீங்க உண்மைய சொல்லத்தான வாயத் தொறந்தீங்க? அதயும் பாத்தேன்." அப்புறம், "எயிந்து நின்னாரே, அந்த அண்ணன வூட்டுக்குக் கூப்புடுங்க, ஒரு நாள் சாப்பாடு போடணும்" என்றாள்.

படாளத்து அண்ணன் வந்தார். அப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவருக்கு எங்கள் வீட்டில் இலை உண்டு. என் மாமனாருக்குக்கூட அவள் அவ்வளவு பார்த்துப் பார்த்துப் பரிமாறி நான் பார்த்ததில்லை.

மாமனார் தன் கண்டுபிடிப்பை ஊரெல்லாம் பரப்பிக்கொண்டிருந்தார். எவர் வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்தாலும், ஜாதகத்தோடு இவரிடம் வர ஆரம்பித்தார்கள். "ஜாதகம் கெடக்கட்டும், பஸ்ஸப் பாத்தீங்களா?" என்பார். "என் மாப்ளய நான் அப்பிடித்தான் செலக்ட் பண்ணேன்." நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு 'பிரேக்' விடும்போதெல்லாம், லீவு சேர்ந்துவிட்டது, எடுத்துத் தீர்க்கிறார் என்று அவள் அவரிடம் சொல்லிச் சமாளிப்பாள். அதற்கும் அவருக்குப் பெருமைதான். பர்மனென்ட் ஆளுக்குத்தான் இப்படி லீவு சேருமாம். இந்த மனிதரைப் பற்றி நான் மனதுக்குள் என்னென்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுத முடியாது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து எனக்கு நிஜமாகவே ஆர்டர் வந்தது. அதே மாதம் படாளத்து அண்ணன் ரிடையர் ஆனார். நாலாவது வரிசை ஜன்னல் சீட்டு எனக்கு வந்து சேர்ந்தது. முதல் நாள் உட்கார்ந்தபோது கூச்சமாக இருந்தது. நிற்கிறவர்களைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு போனேன். ஒரு வாரம்தான் அந்தக் கூச்சம். ஒரு மாதத்தில், என் தோளில் இடித்த ஒருவனிடம், "தம்பி, பின்னால போப்பா, எடம் கீதுல்ல?" என்று என் வாயே சொன்னது. அட சீ என்று தோன்றியது. தோன்றியதே தவிர, சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

என் பக்கத்து மெஷினில் திருக்கழுக்குன்றத்துக்காரன் ஒருவன் இருந்தான். முப்பது வயதை நெருங்குகிறவன், நல்ல வேலைக்காரன், மூன்றாவது 'பிரேக்'கை முடித்துவிட்டு வந்திருந்தான். அவனும் ராட்டினங்கிணறு ஸ்டாப்பில்தான் பஸ் ஏறுவான். ஒரு நாள் கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணாத்த, தப்பா நெனைக்காதீங்க. எனக்கு ஒரு எடம் அமைஞ்சி கீது. பொண்ணுக்கும் இஷ்டம். பொண்ணோட அப்பா புதங்கெழம காலைல டீக்கடைல நின்னு பஸ்ஸப் பாக்கறாராம். ஒரே ஒரு நாளு... உங்களுக்குக்கூட அந்தக் காலத்துல படாளத்து அண்ணன் குடுத்தாராமே."

"இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ இழுக்கற? உக்காருடா. நான் நிக்கறேன்" என்றேன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துபோனது. "படாளத்து அண்ணன் கேட்டா சந்தோசப்படுவாரு" என்றாள். புதன்கிழமை காலையில் எனக்கு முன்னால் எழுந்து, என் டிபன் பாக்ஸோடு அவனுக்கும் ஒரு பாக்ஸ் கட்டிக் கொடுத்தாள்.

பஸ் வந்தது. முதலில் நான் ஏறினேன், என் பின்னால் அவன். நாலாவது வரிசையைத் தாண்டி நான் பின்னால் போக வேண்டும், அவன் உட்கார வேண்டும். பேசி வைத்தது அவ்வளவுதான். தாண்டப் போகும்போது ஜன்னல் வழியாக டீக்கடையைப் பார்த்தேன். இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் எனக்குத் தெரியாதவர், பெண்ணின் அப்பா. அவருக்கு எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில், என் மாமனார்.

நான் நின்றால் அவர் பார்ப்பார். பார்த்தால் என்ன? ஒன்றும் ஆகியிருக்காது. என் ஆர்டர் என் பீரோவில் இருந்தது. முதுகு வலி என்று நானும் சொல்லியிருக்கலாம். குழந்தை பெற்று, குடும்பம் நடத்தி, ஊரில் தலை நிமிர்ந்து திரியும் ஒருத்தனின் கல்யாணத்தை இனிமேல் எந்தக் கொம்பனும் ரத்து செய்ய முடியாது. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தேன். அந்த ஆள் கண்ணில், அந்த ஒரு நிமிஷம், நிற்கிறவனாகத் தெரிய எனக்கு மனசு வரவில்லை.

"அண்ணாத்த," என்றான் அவன், மெதுவாக. ஒரு தரம்தான் சொன்னான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் என் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்தான். வெளியே மாமனார் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பக்கத்து ஆளுக்கு என்னைக் காட்டினார். அப்புறம் அவர் விரல் கொஞ்சம் மேலே போய், கம்பியைப் பிடித்திருந்த கையைக் காட்டியது. பஸ் கிளம்பிவிட்டது.

ஊரைத் தாண்டியதும் நான் எழுந்தேன். "இப்ப உக்காருப்பா" என்றேன்.

"வேணாண்ணா. பாக்கறவங்க பாத்துட்டாங்க."

டிபன் பாக்ஸை அவன் வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த 'பிரேக்'குக்குப் பிறகு அவன் எங்கள் தொழிற்சாலைக்குத் திரும்பி வரவும் இல்லை.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது மாமனார் கூடத்தில் உட்கார்ந்து, மகளிடம் கை காலை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம மாப்ள ஜம்முனு ஜன்னலாண்ட உக்காந்துகினு கீறாரு. அவரு பக்கத்துலயே அந்தப் பையன் கம்பியப் புடிச்சிகினு தொங்கறான். பர்மனென்ட்னு சொல்லி ஏமாத்தப் பாத்தானுங்க. நான் அங்கயே சொல்லிட்டேன், இந்த எடம் வாணாம்னு. ஒரு பொண்ணோட வாழ்க்கய காப்பாத்திட்டேன்." ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

திருப்பிக் கொண்டுவந்திருந்த டிபன் பாக்ஸை நான் மேடைமேல் வைத்தேன். அவள் அதைத் திறந்து பார்த்தாள். காலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. அவர் அங்கே நிற்பார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நான் ஆரம்பித்தேன். அவள் தட்டு வைத்தாள். சோறு போட்டாள். கரண்டியைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கி அந்த படாளத்து அண்ணன் எயிந்திரிக்காம உக்காந்தே இருந்திருக்கலாம். எனக்கு எவனாவது ஒரு மனுஷன் கெடச்சிருப்பான்."

சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.